சங்கர் ஒழிந்த வருஷம்

என் பெயர் எபினேசர். முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இருபத்தாறு வருஷமாக மைக்கில் என்னைச் சங்கர் என்றுதான் கூப்பிட்டார்கள். கோயில் திருவிழாக்களில், எங்கள் பக்கத்தில் கொடை என்போம், வாசிக்கிற இன்னிசைக் குழுவில் நான் கிதார்; அதன் முதலாளி மூக்காண்டி அண்ணாச்சி வைத்த பெயர் அது. "கோயில் கொடையில எபினேசர்னு சொன்னா நல்லாவாலே இருக்கும்? சங்கரன்கோவில்காரன், சங்கர்னு இருந்துக்கோ" என்றார். டிரம்ஸ் வாசிக்கிற அப்துல் ஜப்பாரையும் ஜெயபால் ஆக்கிவிட்டார். ஊரில் எவனும் பேரை மாற்றச் சொல்லிக் கேட்டதில்லை. எல்லாம் இவராகப் பயந்த பயம். வயிற்றுப்பாட்டுக்கு நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மானங்கெட்ட பிழைப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

கடையநல்லூர் முகம்மது ஆரிப் துபாயிலிருந்து கொண்டுவந்த ஒரு கேசட்டில்தான் நான் புளூஸைக் கேட்டேன். அமெரிக்காவில் பருத்திக்காட்டில் முதுகொடிந்த கறுப்பின மக்கள் பாடிய பாட்டு, பிறகு மின்சாரக் கிதாரும் டிரம்ஸும் ஏறி ராக் ஆனது என்று ஆரிப் சொன்னான். என் அம்மா சவுந்தரம் கரிசல் காட்டில் பருத்தி எடுத்தவள். எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. நரம்பை அழுத்தி மேலே தள்ளினால் ஒரு சுரம் அழுதுகொண்டே அடுத்த சுரத்துக்கு ஏறும். முழுசாக ஏறாமல் நடுவில் நிற்கும் பாருங்கள், அங்கேதான் உயிர் இருக்கிறது. அண்ணாச்சிக்கு அது ஆகாது. "சுருதி வெலகுதுலே. சினிமாப் பாட்டுல உள்ளத மட்டும் வாசி" என்பார்.

போன வருஷம் எனக்கு ஐம்பது முடிந்தது. அதற்குள் சொந்தமாக ஒரு பாட்டுச் செய்திருந்தேன். எட்டு நிமிஷம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஜப்பாரின் விசைத்தறிக் கூடத்துக்குப் போய்விடுவேன். தறி ஓடாத நாள் அது ஒன்றுதான். இருவருமாகத் தேய்த்துத் தேய்த்துச் செய்த பாட்டு. என் ஊர் மேடையில், என் பேரில், ஒரே ஒரு தடவை அதை வாசித்துவிட வேண்டும். இல்லையென்றால் சாகும்வரை நான் சங்கர்தான்.

அண்ணாச்சியிடம் கேட்டேன். "வாசிச்சேன்னா அன்னைக்கே வேற எடம் பாத்துக்கோ" என்றார். சரி, பார்த்துவிடுவோம் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்திரையில் பக்கத்துத் தெரு அம்மன் கொடை. சாயங்காலம் ஆறு மணிக்குக் கச்சேரி. பாதியில் பொன்னாடை போர்த்தும் நேரம் வரும். விழாக் கமிட்டித் தலைவர் வெள்ளத்துரை ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுப் போர்த்துவார், போட்டோ எடுத்து முடியும்வரை யாரும் அசையமாட்டார்கள். அண்ணாச்சி கீபோர்டை விட்டு எழுந்துபோய், கழுத்தில் பொன்னாடையோடு இளித்துக்கொண்டு நின்றார். நான் ஜப்பாரைத் திரும்பிப் பார்த்தேன். அவன் "பிஸ்மில்லா" என்று குச்சிகளைத் தட்டினான்.

முதல் இழுப்பிலேயே குழாய் ஸ்பீக்கர் அலறியது. அண்ணாச்சி முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! போட்டோக்காரர் "அசையாதீங்க" என்கிறார், இவர் சிரித்த வாயை மூடாமலே "நிறுத்துலே, நிறுத்துலே" என்கிறார். நிறுத்துவேனா? சத்தத்தை இன்னும் ஏற்றினேன். மூன்றாம் நிமிஷம் பொன்னாடையை உதறிவிட்டு என் ஒயரைப் பிடுங்க ஓடிவந்தார்.

அப்போதுதான் பெண்கள் பக்கமிருந்து ஒரு குலவைச் சத்தம். வெள்ளத்துரையின் மனைவி பேச்சித்தாய் முடி அவிழ ஆடிக்கொண்டு முன்னால் வந்தார். வருஷா வருஷம் அந்த அம்மாளுக்குத்தான் அருள் வரும், ஆனால் மேளத்துக்குத்தான் வரும். கிதாருக்கு வந்தது இதுவே முதல் தடவை. சாமி ஆடி அடங்கும்வரை வாசிப்பை நிறுத்தக் கூடாது, அது எங்கள் பக்கத்துச் சட்டம். ஒயரில் கைவைத்த அண்ணாச்சியைப் பார்த்து வெள்ளத்துரை கத்தினார்: "வே, கையை எடும்! சாமி வந்திருக்கது தெரியல?"

அம்மாடி, அந்த நிமிஷம்! எட்டு நிமிஷப் பாட்டு இருபத்தைந்து நிமிஷம் ஓடியது. விரல் நுனி கிழிந்தது. நான் சர்ச்சுக்குப் போகிறவன். வந்தது அம்மனா, பேச்சித்தாயின் முப்பது வருஷத்து அடுப்படிப் புழுக்கமா, எனக்குத் தெரியாது. எதுவானாலும் அதற்கு என் கிதார் சொன்னது புரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

ஆட்டம் தணிந்ததும் சாமி மேடையருகே வந்து என்னை உற்றுப் பார்த்தது. "ஏலே, யாருலே நீ? ஒம்பேரு என்ன?"

அண்ணாச்சி முந்திக்கொண்டார். "சங்கரு தாயே, நம்ம சங்கரு."

கூட்டம் மொத்தமும் என் வாயைப் பார்த்தது. அண்ணாச்சி என் இடுப்பில் கிள்ளினார்.

"எபினேசர்" என்றேன். "சவுந்தரம் மகன் எபினேசர், தாயே. சங்கர்ங்கது இவரு வச்ச பேரு."

சாமி அண்ணாச்சி பக்கம் திரும்பி, "எங்கிட்டயே பொய்யாலே?" என்றது. அவ்வளவுதான், மனுஷன் தடாலென்று காலில் விழுந்தார். என் நெற்றிக்கு வந்த சாமியின் திருநீற்றுக் கை சற்றே நின்றது. "ஒனக்கு வேணுமா?" என்று கேட்டது சாமி. நான் நெற்றிக்குப் பதிலாகக் கிழிந்த விரல்களை நீட்டினேன், அதில் பூசிவிட்டது.

பேச்சித்தாய்க்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்கள். வெள்ளத்துரை மைக்கைப் பிடித்து, எல்லாம் அம்மன் செயல் என்றார். அண்ணாச்சி என் காதருகே குனிந்தார். "நடந்தது நடந்துபோச்சி. வெள்ளிக்கெழம ராயகிரிக் கொடையிலயும் இதையே வாசி. ஆனா சங்கரா வாசி மக்கா."

பாட்டு வேண்டுமாம், பேர் வேண்டாமாம்! எனக்கு உச்சந்தலை கொதித்தது.

"எபினேசர்னா வருவான். சங்கர்தான் வேணும்னா நீங்களே கிதாரைத் தூக்கிட்டுப் போங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வெள்ளத்துரையிடம் கையை நீட்டினேன். சாமியே கேட்ட பேர் அல்லவா, மறுபேச்சில்லாமல் மைக்கைக் கொடுத்தார்.

"அம்மன் செயலு அம்மனுக்கு. வாசிச்சது நாங்க ரெண்டு பேரு" என்றேன். "கிதார், எபினேசர். டிரம்ஸ், அப்துல் ஜப்பார்."

ஜெயபால் என்று கூப்பிட்டபோதெல்லாம் தலையைத் தூக்காமல் உட்கார்ந்தே இருந்தவன், அன்றைக்கு எழுந்து நின்று கூட்டத்துக்குச் சலாம் வைத்தான்.