குப்புறப் படுத்தவர்

பழைய போர்விமானம் இரண்டாவது தடவையாகத் தாழ்ந்து வந்தபோது, உருத்திரமூர்த்தி கையிலிருந்த கோப்பியைக் கவனமாகக் கீழே வைத்துவிட்டு, முழங்கைகளை ஊன்றிப் புல்லில் குப்புறப் படுத்தார். இரண்டு கைகளாலும் பிடரியை மூடிக்கொண்டார். ஓடுபாதைக்கு அப்பால் வெடிச்சத்தத்தோடு புகை எழும்பியது. பழைய சீருடை போட்ட ஆட்கள் ஓடிப்போய் விழுந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த சனம் கைதட்டியது.

பக்கத்தில் நின்ற மகள் சாரங்காவுக்குச் சிரிப்பு வந்தது.

அப்பா அந்தக் கதையை நடித்துக் காட்டுகிறார் என்று நினைத்தாள். பிறந்தநாளென்றாலும் சாமத்தியவீடென்றாலும் அவர் சொல்லாமல் விடாத கதை. யாழ்ப்பாணத்தில் அம்மாவைப் பெண்பார்க்கப் போன அன்று, படலையடியில் சைக்கிளை விட்டு இறங்கும்போது குண்டுபோடும் பொம்மர் வந்திருக்கிறது. புதுச் சேட்டோடு அப்படியே படுத்துவிட்டார். படுத்த இடம் எருக்கும்பி. பொம்மர் போன பிறகு முகமெல்லாம் சாணியோடு எழும்பி நின்று, "நான்தான் மாப்பிளை" என்றாராம். கேட்பவர்கள் சிரித்து ஓயும்வரை பொறுத்திருந்து, பிறகு தானும் சிரிப்பார்.

"அப்பா, காணும். எழும்புங்கோ. சனம் பாக்குது."

டோர்ட்மண்டிலிருந்து இந்த விமானக் காட்சிக்கு ஒரு மணித்தியாலம் காரோடி வந்திருந்தார்கள். பாண் சுடும் தொழிற்சாலையில் அவரோடு வேலைசெய்த ஜெர்மன்காரர் ஒருவர் கொடுத்த நுழைவுச்சீட்டு. அம்மா வரமறுத்துவிட்டாள். "உந்தச் சத்தத்தைத் தேடிப் போயும் கேக்கவேணுமோ?" என்று மட்டும் கேட்டாள்.

முன்னால் நின்ற ஒரு பெண் திரும்பி, கீழே கிடந்தவரைப் பார்த்துப் புன்னகைத்தாள். சாரங்காவும் புன்னகைத்து, ஏதோ தனக்குத் தெரியாத ஆள் என்பதுபோலச் சற்றுத் தள்ளி நின்றாள். விமானம் வட்டமடித்து வந்தது. இன்னொரு தடவை புகை எழும்பியது. பிறகு விமானம் இறங்கி, ஓடுபாதையின் கடைசியில் போய் நின்றது. விழுந்து கிடந்த சீருடைக்காரர்கள் எழும்பித் தூசு தட்டினார்கள்.

அப்பா எழும்பவில்லை.

வைத்தியசாலையில் ஓர் இளம் டொக்டர், எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தார் என்று ஜெர்மனில் கேட்டார். உடனே கவனித்துவிட்டோம் என்றாள் சாரங்கா. அவர் அதை எழுதிக்கொண்டார். இதயம் நின்றிருக்கிறது, அனேகமாக வலி தெரிந்திருக்காது என்றார். உடுப்புகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

அடுத்தநாள் காலை அவள் எழும்பி வந்தபோது, அம்மா யோகம் குளியலறையில் அப்பாவின் சேட்டை நனைத்து வைத்துச் சவர்க்காரம் போட்டுக்கொண்டிருந்தாள். அம்புலன்ஸ்காரர் நெஞ்சுப்பக்கத்தை அவசரமாகத் திறந்ததில் இரண்டு பொத்தான்கள் தெறித்திருந்தன. யோகம் சேட்டின் கையைத் திருப்பி முழங்கைப் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு மற்றக் கையையும் பார்த்தாள்.

"பிள்ளை, அப்பா விழுந்தவரோ, படுத்தவரோ?"

சாரங்கா கிட்டப் போய்ச் சேட்டைப் பார்த்தாள்.

"விழுந்தால் ரண்டு முழங்கையிலையும் இப்பிடிப் புல்லுப் பச்சை பிடியாது" என்றாள் யோகம்.

"படுத்தவர். நான் பகிடி விடுறார் எண்டு நினைச்சிட்டன் அம்மா. சிரிச்சுக்கொண்டு நிண்டனான்."

"எவ்வளவு நேரம்?"

"பிளேன் இறங்குமட்டும்."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. யோகம் கறையில் விரலால் தேய்த்தாள். அது கொஞ்சம் வெளிறியது, போகவில்லை.

"அண்டைக்கு நாங்களும் சிரிச்சனாங்கள்" என்றாள். "வீட்டுச் சனம் முழுக்கப் படலையடியிலை நிண்டு சிரிச்சது. அடுத்த ஒழுங்கையிலை மூண்டு பேர் செத்துப்போச்சினம் எண்டு பின்னேரந்தான் தெரியும்."

"அப்பா அதை ஒருநாளும் சொல்லேல்லையே."

"சொன்னால் பிறகு ஆர் சிரிக்கிறது?"

வாசல் மணி அடித்தது. அப்பாவின் சிநேகிதர் விமலநாதன் வந்திருந்தார். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, வரவேற்பறைக் கதிரையின் நுனியில் இருந்தார். தகனத்துக்கு நாள் குறிக்கத் திங்கட்கிழமையே டெர்மின் கேட்கவேண்டும், பிந்தினால் கிழமைக்கணக்கில் இழுத்துவிடுவார்கள் என்றார். பத்திரங்களெல்லாம் தான் பார்க்கிறேன் என்றார். பிறகு சாரங்காவின் பக்கம் திரும்பினார்.

"நீதானே பிள்ளை பக்கத்திலை நிண்டனி. அண்ணை கஷ்டப்படாமல் போனவரோ?"

சாரங்கா வாயைத் திறந்தாள்.

"ஓம்" என்றாள் யோகம், குளியலறை வாசலில் நின்றபடி. "உடனே போயிட்டார். இவள் பக்கத்திலைதான் நிண்டவள்."

"அது போதும் அக்கா" என்றார் விமலநாதன்.

யோகம் பிழிந்த சேட்டை உதறிக்கொண்டு பல்கனிக்குப் போனாள். அதைக் கொழுவியில் மாட்டி, கழுத்துப்பட்டியை நிமிர்த்தி, மிச்சமிருந்த பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகப் பூட்டினாள். சேட்டிலிருந்து கீழ்வீட்டுக்காரியின் பூந்தொட்டிகளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. யாரும் வந்து ஒன்றும் கேட்கவில்லை.