நோபிலாவின் இரண்டு சிங்கங்கள்

தெரிந்தவர் வீட்டுக்குக் கணக்கெடுக்கப் போகக் கூடாது என்பது விதி. தலாத்தோ தனக்குத் தெரிந்த வீடு என்பதை மறைத்து, கூட வந்த தோழியிடம் கெஞ்சி, நோபிலாவின் வீட்டை மாற்றி வாங்கிக்கொண்டாள்.

பிறப்பைப் பதிந்து வைக்கும் வழக்கமே இல்லாத ஊர்கள் அவை. பெண்கள் பிள்ளை பெறுவது குறைந்திருக்கிறதா என்று தலைநகர் வாகடூகுவில் இருக்கிற ஆராய்ச்சிக்காரர்களுக்குத் தெரிய வேண்டுமானால், பெற்றவளைத் தனியே உட்காரவைத்துக் கேட்பதைத் தவிர வழியில்லை. அவள் சொன்னதுதான் கணக்கு. சரிபார்க்க ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அந்தத் துணிச்சலில்தான் தலாத்தோ இந்த வீட்டுக்கு வந்தாள். ஒன்பது வருடத்துக்கு முன் மலடி என்று சொல்லி அவளை மூட்டையோடு வெளியே தள்ளியவன் நோபிலா. கைப்பேசியில் ஒரு பூஜ்யம் தட்டிவிட்டால் போதும், நாட்டுக் கணக்கில் அவன் வீட்டில் பிள்ளையே இருக்காது. அற்பமான பழிதான். ஆனாலும் நினைக்க நினைக்க இனித்தது.

அவனுடைய இப்போதைய மனைவி கிப்சா, வந்தவளுக்கு மாவு கரைத்த தண்ணீரைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"எத்தன பெத்த?"

"ரெண்டு. நீங்க யாருன்னு எனக்குத் தெரியும்க்கா." குரலைத் தாழ்த்தினாள். "சொல்றது வெளிய போகாதுல்ல?"

"போகாது."

"ரெண்டும் அவரோடது இல்ல. மூணு வருசம் பாத்தேன். உங்களத் தொரத்துன மாதிரி என்னையும் தொரத்திருவாங்கன்னு எங்கம்மா பயந்துட்டா. அறுப்புக்கு ஊருக்கு வாடின்னு கூப்பிட்டுக்கிட்டா. ரெண்டு தடவையும் அங்க போயிதான் உண்டானேன். கொற உங்ககிட்ட இல்லக்கா."

தலாத்தோ கைப்பேசியை மடியில் வைத்தாள். எத்தனை பேர் அவளைக் கண்டதும் கைக்குழந்தையை மூடிக்கொண்டு விலகிப் போயிருக்கிறார்கள். வெளியே போய் ஊரே கேட்கக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் நாளைக்கு இவளும் மூட்டையோடு அதே சாலையில் நிற்பாள், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக. தலாத்தோ இரண்டு என்று தட்டினாள். கிப்சா கண்ணைத் துடைத்துக்கொண்டு மாவு இடிக்கப் போனாள்.

வாசலில் நோபிலா சின்னவனைத் தோளில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"என்ன தலாத்தோ, என் ரெண்டு சிங்கத்தையும் எழுதிக்கிட்டியா? ஒனக்கு எண்ணவாவது தெரியுதே." சிரித்தான். "இவன் மூக்கப் பாரு. யாரு மூக்கு?"

உள்ளே உலக்கைச் சத்தம் நின்றது.

தலாத்தோ அவசரப்படவில்லை. பையனின் மோவாயைப் பிடித்து முகத்தை வெயில் பக்கம் திருப்பினாள். நோபிலாவுக்கு நீள மூக்கு, பையனுக்குச் சப்பை. மாறி மாறி, ஆசை தீரப் பார்த்தாள்.

"அச்சு அசல் நீயேதான்," என்றாள்.

நோபிலா பூரித்துப்போனான். பக்கத்து வீட்டுக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு, அவர்கள் முன்னால் இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். தலாத்தோ இன்னும் உரக்கச் சொன்னாள்.