அறுபத்தேழு மணி நேரம்

பட்டாணிக்கு அன்று பூகோள வீட்டுப்பாடம். ஒரு தீவை வரைந்து சுற்றிலும் நீலம் தீட்ட வேண்டும். பத்து வயதுக்காரி. நாற்காலியில் முழங்காலிட்டு, சாப்பாட்டு மேசைமேல் பாதி உடம்பைப் போட்டுக்கொண்டு, பென்சில் மொட்டையாகும்வரை தீட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்பா, இவ்ளோ தண்ணிய நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

எதிரே உட்கார்ந்து ஒரு பழைய சர்க்யூட் போர்டைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார் அவளுடைய அப்பா, லிஃப்ட் மெக்கானிக். "இல்லடா. பாக்கணும்" என்றார்.

அடுப்பருகே நின்ற மனைவியின் கை அப்படியே நின்றது. நான்கு வருடமாக அவர் வாயிலிருந்து 'ணும்' என்று முடிகிற சொல் ஒன்றுகூட வந்ததில்லை. சிறுநீரகம் இரண்டும் கையை விரித்த நாளிலிருந்து 'பாப்போம்', 'முடிஞ்சா', 'இருக்கட்டும்' என்ற மூன்றுக்குள்ளேயே குடித்தனம் நடத்திவந்த மனிதர். செவ்வாய், வியாழன், சனி காலையில் ஆஸ்பத்திரிக்குப் போவார். இடது கையில் இரண்டு ஊசி வாங்கிக்கொண்டு, நாலு மணி நேரத்துக்கு மேல் தன் ரத்தத்தை டயாலிசிஸ் இயந்திரத்துக்குள் அனுப்பிச் சுத்தம் செய்து திரும்ப வாங்கிக்கொள்வார். மற்ற நாள்களில் கம்பெனி பட்டறையில் உட்கார்ந்த இடத்தில் பழுது பார்ப்பார். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் அனுமதி. தாகம் என்று ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை.

மனைவி பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும், எந்த டிரைவர் எதில் ஏறுவார் என்று அறுபது வண்டிக்குச் சார்ட் போடுகிறவள். மறுநாள் மதிய இடைவேளையில் ஒரு வெள்ளைச் சார்ட்டை எடுத்து, தலைப்பில் 'கடல்' என்று எழுதினாள்.

சனிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்கு ஊசியைப் பிடுங்குவார்கள். செவ்வாய்க்கிழமை காலை ஏழுக்குத்தான் மறுபடி குத்துவார்கள். நடுவில் அறுபத்தேழு மணி நேரம். வாரத்திலேயே பெரிய இடைவெளி அதுதான். அதற்குள் ரயில், படகு, பட்டாணி வரைந்த அந்தத் தீவு, படகு, ரயில் எல்லாம் அடங்க வேண்டும். கூட்டிக் கழித்துப் பார்த்ததில் தீவில் காலூன்ற இருபத்தொன்பது மணி நேரம் தேறியது.

மாலையில் சார்ட்டைக் கணவர் முன்னால் விரித்தாள்.

"ஐயோ, ஏதோ பேச்சுவாக்குல சொன்னேன். விடும்மா" என்றார் அவர்.

"சார்ட்ல ஏத்தியாச்சுங்க. ஏத்தினதை இறக்குற வழக்கம் எங்க டிப்போல கிடையாது."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அந்தச் சார்ட்டை இரண்டு முறை படித்தார். "போகலாம். ஆனா தண்ணி அளவு மாறக் கூடாது. இளநீர் ஒரு வாய்கூடக் கூடாது, அதுல இருக்கற பொட்டாசியம் இவரோட இதயத்துக்கு ஆகாது. ஊசி போடுற கை நனையக் கூடாது. செவ்வாய்க்கிழமை தவறவே கூடாது. ஒருவேளை படகு வரலைன்னா?"

"அதுக்கும் ஒரு வரி போட்டிருக்கேன், டாக்டர்."

கடைசி வரியில் 'ரிசர்வ்' என்று இருந்தது. தீவு ஆஸ்பத்திரிக்கு அவள் ஏற்கெனவே போன் செய்திருந்தாள். அங்கே ஒரே ஒரு இயந்திரம், ஐந்து நோயாளிகள். முன்கூட்டி இடம் தர முடியாது, ஆபத்து அவசரம் என்றால் பார்க்கலாம் என்று டெக்னீஷியன் சொல்லியிருந்தான். டாக்டர் இரண்டு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அடுத்த மூன்று வாரம் சாப்பாட்டு மேசையில் தீவுதான் பரிமாறப்பட்டது. வரைபடத்தில் அது ஓர் அரிசியளவு இருந்தது. பென்சில் முனையை வைத்தால் மறைந்துவிடும். சுற்றிலும் கடல் மூன்று கிலோமீட்டர் ஆழம் என்று பட்டாணி எங்கோ படித்துவிட்டு வந்தாள்.

"அப்பா, அதுக்கு லிஃப்ட் போட்டா எத்தனை மாடி?"

அவர் சிரித்தபடிதான் கணக்குப் போட ஆரம்பித்தார். முடித்தபோது சிரிப்பு போயிருந்தது. "ஆயிரம் மாடி" என்றார். "சாதாரண லிஃப்ட்ல ஏறினா அடிக்குப் போய்ச்சேர அம்பது நிமிஷம் ஆகும்." அவர் பார்த்த அதிகபட்ச உயரம் முப்பத்திரண்டு மாடி. அதன் லிஃப்ட் குழிக்குள் எட்டிப் பார்த்தபோதே ஓரடி பின்னால் வைத்திருந்தார். ஆயிரம் மாடித் தண்ணீரின் மேல் ஓர் அரிசி மிதக்கிறது, அதில் போய் நாம் துண்டு விரித்துப் படுக்கப்போகிறோம். மூன்று பேரும் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொட்டுக்கொள்ள வைத்திருந்தது ஆறிப்போனது.

குறித்த சனிக்கிழமை எல்லாம் சார்ட்டின்படியே நடந்தது. ஞாயிறு காலை படகு துறைமுகச் சுவரைத் தாண்டியதும் மெக்கானிக் மேல்தளத்துக்கு ஏறினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருபது வருடம் சதுரக் குழிகளுக்குள் நின்று வேலை பார்த்தவர். எங்கே நின்றாலும் எதிரே ஒரு சுவர் இருக்கும், கண் போய் முட்டித் திரும்பும். இங்கே கண் போனது, போய்க்கொண்டே இருந்தது, திரும்பவில்லை. திரும்பி நின்று மறுபக்கம் பார்த்தார். அங்கேயும் அதே கதை.

"ஏங்க, தலை சுத்துதா?" என்றாள் மனைவி.

"இல்லம்மா" என்றார். கம்பியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார்.

தீவின் கரையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. நிழல் மணலில் விழ, மீன்கள் அந்தரத்தில் தொங்குவது போல் தெரிந்தன. இடது கையை உறையால் கட்டி உயரத் தூக்கிக்கொண்டு, அவர் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தார்.

"அப்பா, டீச்சர்கிட்ட கேள்வி கேக்குற மாதிரியே இருக்கு!" என்று பட்டாணி விழுந்து விழுந்து சிரித்தாள். மனைவி கரையில் நின்று பார்த்தாள். ஒவ்வொரு தம்ளராக அளந்து குடிக்கிற மனிதர். அவரைச் சுற்றி அளவே இல்லாத தண்ணீர் வந்து வந்து தொட்டுவிட்டுப் போனது. அவர் ஒற்றைக் கையால் அதை அள்ளுவதும் விடுவதுமாக இருந்தார். இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

திங்கள்கிழமை மதியம் மூட்டை முடிச்சோடு படகுத்துறைக்குப் போனால் வாசலில் சிவப்புக் கொடி பறந்தது. வெயில் பளீரென்று அடித்தது, ஆனால் கடல் முதுகைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"எங்கயோ தூரத்துல புயலாம், அலை இங்க வந்துடுச்சு" என்றார் டிக்கெட் கொடுப்பவர். "புதன்கிழமைக்கு முன்னாடி படகு கிடையாது."

மெக்கானிக்கின் முகம் சுண்டிப்போனது. "என்னாலதான். ஒரு வார்த்தை சொல்லப்போய் உங்க ரெண்டு பேரையும்..."

"இருங்க" என்று மனைவி சார்ட்டைப் பிரித்தாள். குரல் திடமாக இருந்தது. மடிப்பைப் பிரித்த விரல் நேராகக் கடைசி வரியான 'ரிசர்வ்'மேல் போய் நின்றது.

தீவு ஆஸ்பத்திரி பள்ளிக்கூடத்தை அடுத்த நாலு அறைக் கட்டடம். போனில் பேசிய டெக்னீஷியன் இளைஞன். டாக்டர் கடிதத்தைப் படித்துவிட்டு உதட்டைக் கடித்தான்.

"நாளைக்கு மூணு பேர் இருக்காங்க. நாலாவது ஆளுக்கு மெஷின் இருக்கு, நானும் இருப்பேன். தண்ணிதான் பத்தாது. ஒரு தடவைக்கு நூத்தியிருபது லிட்டர் வேணும். தொட்டி மூணு பேருக்குத்தான் தாங்கும்."

நான்கு வருடம் டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்திருந்தவர் ஒரு நாளும் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. "நூத்தியிருபது லிட்டரா? எனக்கா?"

"உங்களுக்குத்தான், அண்ணே. உங்க ரத்தத்தைக் கழுவ."

அவன் உள்ளே போய்த் தீவு டாக்டரிடம் பேசினான். பிறகு யாருக்கோ போன் செய்தான். கால் மணி நேரத்தில் சைக்கிளில் ஒரு பெண் வந்து இறங்கினாள். ஐம்பது வயதிருக்கும். தோளில் தபால் பை. தீவின் தபால்காரம்மா. டயாலிசிஸ் ஊசி ஏறி ஏறி இடது கையில் நரம்பு புடைத்து முடிச்சு முடிச்சாக இருந்தது. மெக்கானிக்கின் கையிலும் அப்படித்தான். இருவரும் முதலில் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகுதான் முகத்தை.

"நாளைக்குக் காலைல என் முறை. நீங்க உக்காருங்க" என்றாள். "புதன்கிழமை ஒரு இடம் காலியா இருக்கு, நான் அப்ப உக்காந்துக்கறேன்."

மனைவி ஓரடி முன்னால் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை டூட்டியை மாற்றிக்கொள்ளச் சொன்னாலே டிப்போவில் உலக யுத்தம் நடக்கும். "அக்கா, ஒரு நாள் தள்ளிப்போறதுன்னா என்னன்னு எங்களுக்குத் தெரியாதா? உங்க உடம்பு..."

"எனக்கு இன்னும் கொஞ்சம் சிறுநீர் பிரியுது, ஒரு நாள் தாங்கும். டாக்டரும் சரின்னுட்டார். இவருக்குத் தாங்காது, முகத்தைப் பாத்தாலே தெரியுது." பையைச் சரிசெய்துகொண்டாள். "தண்ணியைக் கொஞ்சம் குறைச்சுக்கறேன், அவ்ளோதான். இன்னும் பதினோரு வீடு பாக்கி, வரட்டுமா?"

நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் சைக்கிள் திருப்பத்தில் மறைந்துவிட்டது. மெக்கானிக் வெறும் தெருவைப் பார்த்துக் கைகூப்பினார்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் நாற்காலியில் சாய்ந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் இருபது இயந்திரம் ஒன்றாக ஓடும். இங்கே ஒன்றின் சத்தம் மட்டும், அதற்குப் பின்னால் அலையின் சத்தம். ஜன்னல் முழுக்கக் கடல். ஊசி ஏறியது, குழாய் சிவந்தது.

"தம்பி, இந்தத் தீவுல ஆறு குளம் எதையும் காணோமே" என்றார் அவர். "இந்த நூத்தியிருபது லிட்டர் எங்கேருந்து வருது?"

டெக்னீஷியன் ஜன்னலைக் காட்டினான். "வேற எங்கேருந்து? அங்கேருந்துதான்."

மனைவி எழுந்து ஜன்னலருகே போனாள். ஆஸ்பத்திரிப் பின்சுவரிலிருந்து தொடை பருமனில் ஒரு கறுப்புக் குழாய் மணலில் இறங்கி, பாறைகளுக்கு நடுவே போய், அலைக்குள் நுழைந்திருந்தது.

"கடல் தண்ணிய உறிஞ்சி, உப்பை எடுத்து, வடிகட்டி, மறுபடி வடிகட்டிக் கொண்டாரோம். ஒரு நாள் முழுக்க ஓடினாத்தான் தொட்டி ரொம்பும்."

பட்டாணி இயந்திரத்தை உற்றுப் பார்த்தாள். "அப்போ அப்பா ரத்தத்துல கடல் கலக்குதா?"

"கலக்காது. இதோ இந்தக் குழலுக்குள்ள முடியைவிடச் சன்னமா ஆயிரக்கணக்குல குழாய் இருக்கு. உள்ள ரத்தம் ஓடும். வெளியில தண்ணி ஓடும். நடுவுல மெல்லிசா ஒரு சவ்வு. ரத்தத்துல இருக்கற அழுக்கு மட்டும் அதைத் தாண்டித் தண்ணிக்குப் போயிடும்."

மெக்கானிக் குழலைப் பார்த்தார். ரத்தம் சிவப்பாக ஏறி, சிவப்பாக இறங்கியது. அதன் பக்கத்திலேயே, ஒரு சவ்வு அகலத்தில், அந்த ஆயிரம் மாடித் தண்ணீரின் ஒரு பங்கு அவருடைய அழுக்கை வாங்கிக்கொண்டு ஓடியது. கடலைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்திருந்தார். அது எழுந்து வந்து அவருடைய ரத்தத்தின் பக்கத்தில் நின்றது. இத்தனை பெரியதற்கு இத்தனை சிறிய வேலை செய்யத் தெரிந்திருக்கிறதே என்று நினைத்தார். வலது கையை நீட்டினார், மனைவி வந்து பிடித்துக்கொண்டாள். அவர் கண்ணிலிருந்து வழிந்ததை அவள் துடைக்கவில்லை. அப்படியே விட்டாள்.

"வலிக்குதா அண்ணே?" என்றான் டெக்னீஷியன்.

"இல்லப்பா. நீ வேலையப் பாரு."

புதன்கிழமை அலை அடங்கியது. படகுக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தபால்காரம்மா அதே நாற்காலியில், கால்மேல் கால் போட்டு ஒரு பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். முகம் லேசாக வீங்கியிருந்தது. மெக்கானிக் பக்கத்தில் போய் நின்றார்.

"என்ன, கடல் பிடிச்சுதா?" என்றாள் அவளே.

அவர் தலையாட்டினார். மனைவி டெக்னீஷியனிடம் வருடத்தின் எந்த மாதத்தில் இடம் காலியாக இருக்கும் என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தாள். முன்கூட்டியே எழுதி வைத்தால், தொட்டி இன்னொன்று வந்தால், பத்து நாள்கூடத் தங்கலாம் என்றான் அவன். அவள் சார்ட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

"வாங்க வாங்க" என்றாள் தபால்காரம்மா. "ஆனா என் இடத்தை மறுபடி கேட்டீங்கன்னா, ஊருக்கு வர்ற கடிதாசியெல்லாம் நிறுத்திப்புடுவேன்."

அறையே சிரித்தது. மெக்கானிக் குனிந்து, ஊசி இல்லாத அவள் கையைத் தன் இரண்டு கையாலும் பற்றினார்.

அடுத்த வாரம் பட்டறையில் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். எந்த மோட்டார் எத்தனை கிலோ இழுக்கும், எந்தக் கம்பி எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்டால் பட்டென்று சொல்கிறவர்.

"கடல் எப்படிண்ணே இருந்துச்சு?"

அவர் கையை விரித்தார். இன்னும் கொஞ்சம் விரித்தார். போதவில்லை. கையைக் கீழே போட்டுவிட்டு, "போய்ப் பாருங்கப்பா" என்றார்.