டோரீனின் படுக்கையறைச் சுவர்

அடுப்பு பொருத்த வந்த நெவில் எங்கள் இரண்டு மின்சாரக் கணப்புகளையும் கழற்றிக் கொல்லையில் போட்டான். அவற்றில் பொய்க்கரி மினுங்குமே தவிர அறை சூடாகாது. எங்கள் ஊரான ஹாலிஃபாக்ஸின் குளிரில் என் மனைவி ஹிலரிக்கு விரல்கள் மடங்காமல் போய், சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட வேண்டியிருந்தது. அதற்காகத்தான் விறகு அடுப்பு.

பழைய புகைபோக்கியைச் சோதிக்க நெவில் அடியில் புகை வில்லை ஒன்றைக் கொளுத்தினான். சற்று நேரத்தில் பக்கத்து வீட்டுச் சுவர் அதிர்ந்தது. டோரீன் ஆக்ராய்ட். எங்கள் டிவி சத்தத்துக்கும் அப்படித்தான் இடிப்பாள். எங்கள் கொல்லைக்குள் படர்ந்த அவளுடைய ரோஜாக் கொடியை ஹிலரி வெட்டியதிலிருந்து மூன்று வருடமாகப் பேச்சு கிடையாது.

வாசலுக்கே வந்துவிட்டாள், இருமிக்கொண்டு. “புகை முழுக்க என் படுக்கையறையிலதான் நிக்குது. என்னைக் கருவாடாக்கப் பாக்கறீங்களா?”

நூறு வருடத்துக்கு மேலான வீடு. இடைச்சுவரில் செங்கல் உதிர்ந்திருந்தது. எங்கள் புகைபோக்கிக்குள் இரும்புக் குழாய் இறக்கினாலும், ஓட்டையை அவள் பக்கமிருந்து பூசாமல் அடுப்பு வைக்க மாட்டேன் என்றான் நெவில்.

அவனோடு நானும் அவள் வீட்டு மாடிக்குப் போனேன். ஜன்னலோரம் கட்டில், அதன்மேல் கம்பளிக் கோட்டு. மின்சாரக் கணப்பில் ஒரு கம்பிதான் சிவந்திருந்தது. மற்றது செத்துவிட்டதா என்று நெவில் கேட்டான்.

“சாகல. நான்தான் எழுப்பறதில்ல. கரண்டு பில்லு வருதில்ல?”

அடுப்பு எரிந்தால் இந்தச் சுவரும் வெதுவெதுப்பாகும் என்றான் நெவில். டோரீன் உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தாள்.

“சரி, பூசிக்கோங்க. ஆனா உன் பொண்டாட்டி வந்து கேக்கணும்.”

அதற்குக் குளிரில் விறைத்தே சாகலாம் என்றாள் ஹிலரி. டோரீன் கோட்டைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குகிறாள் என்று சொன்னேன். மறுநாள் காலை ஹிலரியைக் காணோம். பக்கத்து வீட்டு மாடியில் எதையோ இழுக்கும் சத்தம். போய்ப் பார்த்தால் இருவரும் ஆளுக்கொரு பக்கம் கட்டிலைப் பிடித்திருந்தார்கள்.

“தூக்குடி. தடவிக் குடுக்காத,” என்றாள் டோரீன்.

கட்டில் இடைச்சுவரோரம் வந்து சேர்ந்தது. ரோஜாவைப் பற்றி யாரும் பேசியதாகத் தெரியவில்லை.

இப்போதும் சுவரை இடிக்கிறாள், அடுப்பு மூட்டத் தாமதமானால்.

“வரேன் கிழவி,” என்று முணுமுணுத்தபடி ஹிலரி விறகெடுக்கப் போகிறாள்.