வரிசையின் கடைசியில் நின்றவள்

ஞாயிறு மேற்கே சாய, மலைக்கோட்டையின் நிழல் திண்டுக்கல் நகரத்து ஓட்டுக் கூரைகளின்மேல் மெல்லப் படர்ந்து இறங்க, கிழக்கே சிறுமலையின் முகடுகள் மட்டும் பொன்னொளி பூண்டு நிற்க, நாகல் நகர்க் கடைத்தெருவில் மலைவாழைத் தார்களை விலைபேசும் குரல்கள் ஓயாது எழுந்துகொண்டிருந்தன. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டாம் ஆண்டின் தவக்காலத்து மாலை. தேவாலயத்தின் உள்ளே, தம் பிழைகளை அருட்தந்தையிடம் அறிக்கையிட்டு மன்னிப்புப் பெற வந்த பெண்கள், மரக்கூண்டின் முன்னே முக்காடிட்டு வரிசையாய் நின்றனர். அவ்வரிசையில்தான், படிப்போரே, நம் வியப்புக்குரியவள் நின்றாள்.

அவள் பெயர் ஆனந்தமேரி. பள்ளி ஆசிரியர் அருள்நாதனின் மனைவி. மூன்று பிள்ளைகளின் தாய். ஏனையோர் மாதத்திற்கு ஒருமுறை வந்து போகுமிடத்திற்கு இவள் சனிதோறும் வந்தாள். வந்தாலும் தன் முறை நெருங்கியதும், “நீங்க முன்னாடி போங்க” என்று பின்னால் நிற்பவளுக்கு வழிவிட்டு, மீண்டும் கடைசிக்கே போய்விடுவாள். ஐவர் கடப்பர், அறுவர் கடப்பர்; இவளோ கண்மூடி நிற்பாள். அப்படி என்னதான் செய்தாள் இவள்? அறியும் ஆவல் எனக்கும் உண்டு. உங்களுக்கும் உண்டு, மறைக்க வேண்டா.

அண்டைவீட்டுத் தையற்காரி இஞ்ஞாசியம்மாளுக்கோ அவ்வாவல் உறக்கத்தையே கெடுத்தது. நான்கு வாரங்கள் நோட்டமிட்டவள், சொல்ல நா எழாத கொடிய பாவம் ஒன்று உள்ளே கிடக்கிறது என்று தானே தீர்ப்பெழுதி, நல்லதற்குத்தான் சொல்வதாகச் சொல்லி அருள்நாதனின் காதிலும் போட்டுவிட்டாள். அம்மனிதர் நல்லவர்தாம். ஆயினும் கரும்பலகையில் பாதிக் கணக்கில் கை நின்றுபோகும் அளவுக்கு அச்சொல் அவரை அரித்தது. அருட்தந்தையிடம் சொல்வதைக் கணவனும் கேட்கலாகாது என்பது அவர் அறிந்ததே. அறிந்தும், வெள்ளி மாலை, இடுப்பில் கைக்குழந்தையோடு கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளிடம், காரணத்தை அவள் சொல்லும்வரை இனி அங்கே போக வேண்டாம் என்று தடுத்து, கேட்டே விட்டார்.

“வாராவாரம் போயும் தீராத பாவம் என்ன மேரி?”

அவள் கீரையைக் கீழே வைத்தாள். சினம் வரவில்லை; அழுகைதான் வந்தது.

“பாவம் ஒண்ணும் இல்லைங்க. விடிஞ்சதுலருந்து படுக்குற வரைக்கும் ஆளாளுக்கு என்னையக் கூப்பிடுறீக. முழங்கால் போட்டு செபிச்சாலும் பிள்ளைக வந்து முந்தானையப் பிடிச்சு இழுக்குதுக. பாவசங்கீர்த்தன வரிசையில நிக்கிறவள மட்டும் யாரும் கூப்பிட மாட்டாக. அங்கதான் செத்த நேரம் ஆண்டவரும் நானும் மட்டும் இருக்கோம். அதையும் விடணும்னா சொல்லுங்க, விட்டுர்றேன்.”

அவள் செபிக்க அமர்ந்த போதெல்லாம் மூக்குக்கண்ணாடி எங்கே, சட்டை எங்கே என்று அழைத்தவர் தாமே என்பது அப்போதுதான் அருள்நாதனுக்கு உறைத்தது. வெட்கத்தால் அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மாலை அவரே அவளைப் போய்வரச் சொன்னார். அவள் சென்று சிறிது நேரத்தில் கைக்குழந்தை அனிஷா வீறிட்டழத் தொடங்கினாள். சோறு ஊட்டிப் பார்த்தார். கிலுகிலுப்பை ஆட்டிப் பார்த்தார். எதுவும் பலிக்காமற்போகவே, குழந்தையைத் தோளில் சாய்த்து, மூத்தவர் இருவரையும் உடன் நடத்திக்கொண்டு, எதற்கும் அவளையே தேடும் பழக்கதோடத்தால் தேவாலய வாயிலுக்கே வந்து சேர்ந்தார். உள்ளே, வரிசையின் கடைசியில், கண்மூடி நின்றாள் ஆனந்தமேரி. அந்த முகத்தை அவர் மணநாளுக்குப் பின் கண்டதில்லை. “அம்மா” என்று வாயெடுத்த இரண்டாமவன் பிராங்கிளினின் தோளை மெல்ல அழுத்தித் தடுத்தார்.

தூணோரம் காத்திருந்த இஞ்ஞாசியம்மாள் அருகே வந்து தாழ்ந்த குரலில் வினவினாள்.

“என்ன பாவம்னு தெரிஞ்சுச்சா தம்பி?”

“தெரிஞ்சுச்சுக்கா. அது அவ பாவம் இல்ல. என்னுது.”

சொல்லிவிட்டு, கோட்டை மலையில் குரங்கு காட்டுவதாகப் பிள்ளைகளைத் தேற்றியபடி அவர் வந்த வழியே திரும்பினார்.

குழந்தையின் அழுகுரல் ஆனந்தமேரியின் செவியில் விழாமல் இல்லை. ஆயிரம் குரலுக்கு நடுவிலும் அதைத் தனித்தறிவாள் அவள். மார்பு கனத்தது, கால் ஓரடி எழுந்தது. ஆனால் அக்குரல் தன்னை நோக்கி வராமல், தந்தையின் தோளிலேறி விலகி விலகிப் போவதையும் கேட்டாள். எழுந்த கால் தரைக்கு மீண்டது. பெற்ற நாள் தொட்டு முதன்முறையாக, தன் பிள்ளை அழ, அவள் திரும்பிப் பாராமல் நின்றாள். தனக்கு முன்னே நின்ற கடைசிப் பெண்ணும் மன்னிப்புப் பெற்றுப் போன பின்னும், சிறிது நேரம் அங்கேயே நின்றாள்.