குறை சொல்லாத அங்கப்பன்

அங்கப்பனோடு சினிமாவுக்குப் போனால் படம் முடிந்த பிறகுதான் வேலை தொடங்கும். கோயம்புத்தூரில் படம் பார்த்துவிட்டுச் சூலூர் வந்து சேரும் வரைக்கும் காரில் அவர் அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டே வருவார். கதாநாயகன் எதற்காக அந்த வீட்டுக்குத் திரும்பிப் போனான், வில்லனுடைய தம்பி இடைவேளைக்குப் பிறகு என்ன ஆனான், சாவு வீட்டில் அந்தப் பாட்டு எதற்கு. மனைவி அமராவதி பின் இருக்கையில் தூங்கிவிடுவார். மகள் இளவேனில் மட்டும் வீடு வரைக்கும் சரிக்குச் சரி மல்லுக்கட்டுவாள்.

அவர் விசைத்தறிக் கூடம் நடத்துகிறவர். பகலெல்லாம் தறிச் சத்தத்தில் பேச முடியாததால்தான் இப்படிச் சேர்த்து வைத்துப் பேசுகிறார் என்று நண்பர் பாலகோபால் கேலி செய்வார். மருந்துக்கடைக்காரரான பாலகோபாலும் அவரும் இளவட்டமாக இருந்த காலத்திலிருந்தே ஒன்றாகப் படம் பார்த்தவர்கள். இருவருக்கும் ஒரே படம் பிடித்ததாக வரலாறு இல்லை.

இளவேனிலுக்கும் அப்பாவின் குணம்தான். சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. மிச்ச நேரமெல்லாம் அனிமே என்கிற ஜப்பானிய அனிமேஷன் தொடர்கள் பார்ப்பதும், பார்த்ததை அக்கக்காக அலசி இணையத்தில் எழுதுவதும். அப்பாவையும் பார்க்க வைக்க எவ்வளவோ முயன்றிருக்கிறாள். "பொம்மப் படமெல்லாம் எனக்கு வேண்டாஞ் சாமி" என்று அவர் எழுந்து போய்விடுவார்.

ஆவணியில் ஒரு நாள் காலை, தறிக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தவருக்கு வாய் ஒரு பக்கம் கோணியது. வலது கை துவண்டது. அமராவதி யாரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. தறி ஓட்டுகிறவர்கள் இருவரைத் துணைக்கு அழைத்துக் காரில் ஏற்றி, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு நேராகக் கொண்டு போனார். மூளை ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. சரியான நேரத்தில் வந்ததால் ஊசி போட்டுக் கரைத்துவிட்டார்கள். சில நாள் கழித்து அங்கப்பன் யார் துணையுமின்றி நடந்தே வீட்டுக்குள் வந்தார். வலது கையில் மட்டும் பலம் குறைவு. பேச்சு வந்தது, ஆனால் மெதுவாக வந்தது. சில வார்த்தைகளைத் தேட வேண்டியிருந்தது.

பிழைத்ததே பெரிது என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். இளவேனில் கொஞ்ச காலம் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த வாரத்தில் அப்பாவுக்குப் பொழுதுபோகட்டும் என்று டிவியில் புதுப் படம் ஒன்றைப் போட்டாள். ஓட்டை ஒடிசல் நிறைந்த படம். முடிந்ததும் ஆவலாகத் திரும்பினாள்.

"எப்படிங்கப்பா இருந்துச்சு?"

"நல்லாருக்குது கண்ணு."

அவ்வளவுதான். களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த படத்துக்கும் அதே பதில். அதற்கடுத்த படத்துக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலகோபால் பார்க்க வந்தார். நண்பரைக் கொஞ்சம் உசுப்பிவிடலாம் என்று, அங்கப்பன் ஆயுளுக்கும் திட்டித் தீர்த்த ஒரு பழைய படத்தை வேண்டுமென்றே எடுத்தார். "ஏனுங்க, அந்தக் கிளைமாக்ஸ் மாதிரி இன்னைக்கு வரைக்கும் எவனாச்சும் எடுத்திருக்கறானுங்களா?"

அங்கப்பன் தலையாட்டினார். "ஆமாங்க. நெம்ப நல்லாருக்கும்."

பாலகோபால் வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினார். வழியனுப்ப வந்த இளவேனிலிடம், "அம்மணி, உங்கப்பன் இத்தன வருசத்துல எங்கூட ஒத்துப்போனதே இல்ல" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்துப் போனார்.

அதற்குப் பிறகு இளவேனிலுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மருத்துவரிடம் கேட்டாள். இப்படிச் சிலருக்கு ஆவதுண்டு, ஆர்வம் மெல்லத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், எதற்கும் அவரை நெருக்க வேண்டாம் என்றார். அம்மாவிடம் சொன்னபோது அமராவதி அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

"நல்லதுதான கண்ணு. எத எடுத்தாலும் நொட்டஞ் சொல்ற மனுசன். இப்பத்தான் சாம்பாரக்கூட ஒண்ணுஞ் சொல்லாம உங்கறாரு."

இளவேனில் விடவில்லை. முன்பு இடைவேளையிலேயே அவர் எழுந்து வந்துவிட்ட படத்தைப் போட்டுக் காட்டினாள். கடைசி வரை உட்கார்ந்து பார்த்துவிட்டு "நல்லாருக்குது" என்றார். அப்புறம் ஒரு பாட்டு. காரில் எப்போது அந்தப் பாட்டு வந்தாலும், இரண்டாவது சரணத்தில் பாடுகிறவள் மூச்சு வாங்கும் இடத்தைப் புல்லாங்குழல் மூடிவிடுகிறது, அந்த மூச்சுதான் பாட்டுக்கே உயிர், அதைக் கெடுத்துவிட்டான் என்று அவர் சொல்லாமல் இருந்ததில்லை. சரணம் வந்தது. புல்லாங்குழலும் வந்தது. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல பாட்டு" என்றார்.

அவள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அப்பா உயிரோடு இருக்கிறார், சாப்பிடுகிறார், சிரிக்கிறார். ஆனால் அவளோடு சண்டை போட்ட மனிதரை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டது போல இருந்தது. இதை வெளியில் சொன்னால் நன்றிகெட்டதனமாகத் தெரியும் என்று யாரிடமும் சொல்லவில்லை.

சோதித்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். சனிக்கிழமை மதியங்களில் கூடத்து டிவியில் தனக்குப் பிடித்ததைப் போட்டுக்கொண்டாள். அது அவள் மூன்றாவது முறையாகப் பார்க்கும் ஓர் அனிமே தொடர். உப்பளங்கள் சூழ்ந்த ஒரு கடலோர ஊர். அக்காள் படகுத்துறையில் ஆட்களை ஏற்றிப் படகு ஓட்டுகிறாள். அப்பா கடலில் மூழ்கியதற்கு அக்காள்தான் காரணம் என்று நம்பித் தம்பி அவளோடு பேசுவதில்லை. அங்கப்பன் வந்து பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கும் போக வேறு இடம் இல்லை.

"மாத்தட்டுங்களாப்பா?"

"பரவால்ல. பாரு."

கீழே ஓடும் ஆங்கில எழுத்துகளை அந்த வேகத்தில் அவரால் இப்போது படிக்க முடியாது. அதனால் அவளே வசனங்களைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். முடிந்ததும் எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. இப்படியே சில சனிக்கிழமைகள் போயின.

அவளுக்கு உயிரான காட்சி ஒன்று அந்தத் தொடரின் பின்பாதியில் வரும். அப்பா இறந்தது உண்மையில் தம்பியின் தவறால்தான் என்றும், அதை அவனிடமிருந்து மறைக்கவே அக்காள் பழியைச் சுமந்தாள் என்றும் அவனுக்குத் தெரியவருகிறது. கொட்டும் மழையில் துறைக்கு ஓடி வருகிறான். அக்காள் படகைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருக்கிறாள். இருவரும் பேசுவதில்லை. வயலின் மட்டும் மெல்ல எழுந்து, ஏறி, காட்சி முழுவதையும் நிரப்புகிறது. இந்த ஒரு காட்சியைப் பற்றி மட்டுமே அவள் ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருந்தாள். அவள் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான்.

அன்று அந்தக் காட்சி வந்தது. வயலின் எழுந்தது. வழக்கம்போல் அவளுக்குக் கண் கலங்கும் நேரத்தில் சத்தம் சட்டென நின்றது.

திரும்பிப் பார்த்தாள். ரிமோட் அப்பாவின் இடது கையில் இருந்தது.

"அப்பா, மியூட்ட அமுத்திப்போட்டீங்க."

"தெரியும்."

திரையில் மழை சத்தமில்லாமல் பெய்தது. அக்காளும் தம்பியும் நின்றார்கள். காட்சி முடியும்வரை அவர் ரிமோட்டைக் கீழே வைக்கவில்லை. பிறகு சொன்னார்:

"அழுவறதுக்கு உடமாட்டீங்கறான் கண்ணு."

"யாருங்கப்பா?"

"அந்த... அந்த..." வார்த்தை கிடைக்கவில்லை. ரிமோட்டை மடியில் போட்டுவிட்டு, பலமில்லாத வலது கையைத் தூக்கி இடது தோளுக்கு மேல் இப்படியும் அப்படியும் இழுத்துக் காட்டினார். அந்த வார்த்தை இளவேனிலின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

"வயலின்காரன்" என்றார் அவர். "அவங்க ரெண்டு பேரும் சும்மா நிக்கறாங்க. மழ பேயுது. அது போதாதா? இவன் எதுக்கு நடுவுல பூந்து, நமக்கு முன்னாடி இவன் அழுவறான்?"

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்த நொடியே, அவளே எதிர்பாராமல், கோபம் வந்தது. அது அவளுடைய காட்சி.

"அது தப்புங்கப்பா! அது வெறும் வயலின் இல்ல. மொத எபிசோட்ல அவங்கப்பா வல பின்னிக்கிட்டே முணுமுணுப்பாரில்ல, அதே ட்யூன். அங்க ரெண்டு பேரு நிக்கல, மூணு பேரு நிக்கறாங்க. அதச் சொல்றதுக்குத்தான் அந்த மியூசிக்கே."

"அதே ட்யூன்னு எனக்குந் தெரிஞ்சுது."

"தெரிஞ்சுதுங்களா?"

"எனக்குக் கைதான அம்மணி வரல. காது என்னாச்சு?" அங்கப்பன் நாற்காலியில் நிமிர்ந்துவிட்டார். "லேசா ஒருவாட்டி கேட்டாப் போதும். அப்பன் நெனப்பு வந்துரும். இவன் அந்த அப்பனயே கூட்டிக்கிட்டு வந்து... நடுவுல... சேர் போட்டு உக்கார வெக்கறான்!"

"அப்படிப் பாத்தா எந்தப் படத்துலயும் மியூசிக்கே வேண்டாங்களா?"

"நா அப்படிச் சொன்னனா? சொன்னனா? எங்க நிறுத்தோணுமோ அங்க நிறுத்துன்னேன்!"

சமையலறையிலிருந்து அமராவதி கரண்டியோடு ஓடி வந்தார். "ஏனுங்க! எதுக்கிப்படிச் சத்தம் போடறீங்க? பிரசர் ஏறிப்போடும்! ஏங்கண்ணு, ஒடம்புக்கு முடியாத மனுசன்கிட்ட மல்லுக்கு நிக்கற?"

"அம்மா, குறை சொல்றாருங்கம்மா" என்றாள் இளவேனில். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. "நான் கட்டுரையே எழுதின சீனு. அதப் போயி குறை சொல்றாரு."

அமராவதி கணவரைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். சோபாவின் கைப்பிடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நேத்து இவருக்குன்னு எடுத்து வெச்ச சாம்பார்ல உப்பே போடல கண்ணு" என்றார். "வேணும்னேதான் போடல. போன வாரம் ரசத்துலயும் போடல. நல்லாருக்குதுன்னே உண்டுபோட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அன்னைக்கெல்லாம் எனக்குச் சோறு எறங்கல."

இளவேனில் அம்மாவையே பார்த்தாள். இத்தனை நாளும் தான் மட்டும்தான் தனியாகப் பயந்துகொண்டிருந்ததாக நினைத்திருந்தாள்.

"உப்பு இல்லீன்னு தெரியும்" என்றார் அங்கப்பன்.

"தெரிஞ்சுமா பேசாம உண்டீங்க?"

அவர் மடியில் கிடந்த வலது கையை இடது கையால் தடவிக்கொண்டார்.

"நல்லாருக்குதுன்னா ஒரே வார்த்தை. சொல்லிப்போட்டா முடிஞ்சுது. நல்லால்லீன்னா... ஏன்னு சொல்லோணும். அதுக்கு நெறைய வார்த்த வேணும். பாதில ஒண்ணு வராம நின்னுபோச்சுன்னா, நீங்க ரெண்டு பேரும் பயந்துக்கிட்டு என்ற மூஞ்சியப் பாப்பீங்க. அதப் பாக்க முடியல எனக்கு."

இளவேனிலுக்கு நெஞ்சில் இருந்த பாரம் மொத்தமாக இறங்கியது. அப்பா எங்கும் போகவில்லை. எல்லாப் படத்தையும் பார்த்திருக்கிறார், எல்லாப் பாட்டையும் கேட்டிருக்கிறார், ஒன்று விடாமல் எல்லாக் குறையையும் உள்ளே அடுக்கி வைத்திருக்கிறார்.

"அப்ப அந்தப் பாட்டு? புல்லாங்குழலு?"

"அது என்னைக்குமே தப்புதான்" என்றார் அங்கப்பன். "அந்தப் புதுப் படமும் குப்ப. பாலகோபாலு சொன்ன கிளைமாக்ஸு அதவிடக் குப்ப. அவரு வரட்டும், பேசிக்கறேன்."

அமராவதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "ஆரம்பிச்சாச்சு" என்றார்.

இளவேனில் ரிமோட்டை எடுத்தாள். "அப்பா, இன்னொருவாட்டி பாத்துப்போடலாம். உங்க மாதிரி ஒருக்கா, என்ற மாதிரி ஒருக்கா."

முதலில் சத்தமில்லாமல் ஓட்டினார்கள். தம்பி ஓடி வந்து நின்றபோது, அக்காள் கட்டி முடித்த கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டுவதை இளவேனில் முதல் தடவையாகக் கவனித்தாள். கைக்கு ஏதாவது வேலை வேண்டும், இல்லாவிட்டால் அவள் உடைந்துவிடுவாள். மூன்று முறை பார்த்தும், அவ்வளவு எழுதியும், இது கண்ணில் படவே இல்லை. வாய்விட்டு ஒப்புக்கொள்ள மனமில்லாமல் "ம்ம்" என்றாள்.

அடுத்தது சத்தத்தோடு. அங்கப்பன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடைசியில் வயலின் ஒரு சுரத்தில் அறுந்து மழை மட்டும் கேட்கும் இடம் வந்ததும் கண்ணைத் திறந்தார்.

"இந்த எடம் சரி" என்றார். "இது மட்டும் சரி."

"அதுக்கு முன்னாடி அவ்வளவு வாசிச்சதாலதான் இந்த எடம் சரியா வருது."

"இல்ல."

"ஆமாங்கப்பா."

எந்தப் படத்திலும் பாதிக்கு மேல் விழித்திருக்காத அமராவதி, கரண்டியைக் கையில் வைத்தபடியே இரண்டு தடவையும் முழுதாகப் பார்த்திருந்தார். இப்போது குறுக்கே வந்தார்.

"மியூசிக்க உடுங்க. மழைல தெப்பமா நனஞ்சு வந்து நிக்கறான், ஒரு துண்டு எடுத்துத் தல துவட்டி உடாம கயித்தப் புடிச்சுக்கிட்டு நிக்கறா. என்ன அக்கா இவ? எனக்கு அந்தப் புள்ளையப் புடிக்கவே இல்ல."

"அம்மா, அது அப்படி இல்லீங்கம்மா..."

"அமராவதி, அது வந்து..."

அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில் தொடங்கினார்கள். இந்த ஒன்றில் இருவரும் ஒரே கட்சி. அமராவதி அசரவில்லை. உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"எப்படி இல்லீன்னு சொல்லுங்க, கேக்கலாம்."

அந்த வீட்டில் அன்றைய மதியச் சாப்பாடு சாயங்காலம்தான் நடந்தது.