விளக்கில் கட்டாத துணிக்கீற்று

விடியல் வெளிச்சம் தகரக் கூரையின் இடுக்கில் இறங்குமுன்பே தையல் கூடம் இரைந்துகொண்டிருந்தது. ஊசிகள் குத்தி எழுந்தன. பஞ்சுத் தூசி இமைகளில் படிந்தது. சட்டைக் கழுத்துப் பட்டி தைப்பவளுக்குக் கூடத்தில் 'காலர்' என்றே பெயர். விறைத்த துணியை வளைத்து வளைத்து அவளுடைய கட்டைவிரல் காய்த்துப்போயிருந்தது. கணவன் முதுகொடிந்து படுத்ததிலிருந்து அவள் கூலியில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது.

அந்தக் கூடத்துப் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மாதவிலக்கு வந்தவள் தன் வேலை மேசை விளக்கின் கழுத்தில் ஒரு துணிக்கீற்றைக் கட்டுவாள். அதைக் கண்டதும் பக்கத்திலிருப்பவள் அவள் பங்கில் சிலவற்றை இழுத்துத் தைத்துவிடுவாள். கீற்று கட்டியவள் கூடுதலாக ஒரு முறை கழிப்பறைக்குப் போய்வரலாம். யாரும் யாரிடமும் வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை.

அந்தக் கருணையின் மொழியை மேற்பார்வையாளரும் கற்றுக்கொண்டார். பிள்ளை உண்டானவளை அங்கே வேலையில் வைத்துக்கொள்வதில்லை; எந்த விளக்கில் கீற்று இல்லையென்று பார்க்கத் தொடங்கினார்.

"என்னம்மா, உன் விளக்கு மாசக்கணக்கா மொட்டையா நிக்குது? முதலாளி கூப்பிடறார், போ" என்றார் காலரிடம்.

கண்ணாடி அறையில் முதலாளி குரலில் தேன் தடவிப் பேசினார்.

"வீட்டுல விசேஷமாமே. வேலை எங்கேயும் ஓடிடாது, நீ போய் ஓய்வெடு."

"அப்படி ஒண்ணும் இல்லீங்க."

"இல்லேன்னா டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. வெறுங்கையோட வந்தா, வாசலோட திரும்பிப் போயிடு."

மருத்துவமனையில் டாக்டரம்மா சிறுநீரைச் சோதித்தார்.

"கர்ப்பம் இல்லம்மா."

"அப்புறம் ஏன் மூணு மாசமா வரல?"

"அதுக்குக் காரணம் பலது இருக்கு. தைராய்டா இருக்கலாம், சினைப்பையில நீர்க்கட்டியா இருக்கலாம், சில மருந்துகூடக் காரணமாகும். ஏதாவது மாத்திரை சாப்பிடறியா?"

"இல்ல."

"எடை குறைஞ்சுதா?"

"ஜாக்கெட்டை ரெண்டு தடவை பிடிச்சுத் தைச்சாச்சு."

"தூக்கம்?"

"ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், மறுவாரம் ராத்திரி. சாப்பாட்டு நேரத்தைப் பாதியாக்கிட்டாங்க. விழுங்கினது பாதி, மூடி வெச்சது பாதி."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "சாப்பாடு குறைஞ்சாலும், தூக்கம் கெட்டாலும், ஓயாம கவலைப்பட்டாலும் நின்னுபோகும். இதுதான்னு இப்பவே அடிச்சுச் சொல்ல மாட்டேன். ரத்தம் எடுத்துப் பார்ப்போம். மூணு மாசமா வரலேன்னா சும்மா விடக்கூடாது."

கர்ப்பமில்லை என்ற சீட்டோடு வெளியே வந்தவளுக்கு நிம்மதி வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. ஆலை வாசலில் ஷிஃப்ட் முடிந்த பெண்கள் காத்திருந்தார்கள்.

"தப்பிச்சே! கொண்டுபோய் மூஞ்சியில வீசு" என்றாள் பொத்தான் வைக்கும் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். இஸ்திரி போடுபவள் மட்டும் சிரிக்கவில்லை.

"அக்கா, எனக்கு நாலாவது மாசம். மாசாமாசம் பொய்யாத்தான் கீத்து கட்டறேன். நீங்க சீட்டைக் காட்டிட்டா, அடுத்து எல்லார்கிட்டயும் கேப்பாங்களே!"

சிரிப்பு அடங்கியது. காலர்க்காரி கையிலிருந்த சீட்டையே பார்த்தாள். அதைக் காட்டினால் தன் வேலை நிலைக்கும். அந்தப் பெண்ணின் வேலை போகும்.

"சோறு திங்க விடல, தூங்க விடல. என் உடம்பையே நிறுத்திப்புட்டு, இல்லாத பிள்ளைக்காக வேலையைப் பிடுங்கறான். இருக்கற பிள்ளைக்கும் அதே தண்டனை. என்னடி நியாயம் இது?"

பொத்தான் அக்கா சொன்னாள்: "ஒருத்தன் ராப்பகலா இறைச்சு இறைச்சுக் கிணத்தை வத்தடிச்சானாம். அப்புறம், 'தண்ணியை எங்கே ஒளிச்சு வெச்சிருக்கே'ன்னு கிணத்துமேலயே வழக்குப் போட்டானாம்."

"கிணறு என்ன சொல்லிச்சாம்?"

"ஒத்தைக் கிணறு என்னத்தைச் சொல்லும்? ஊருக் கிணறெல்லாம் சேர்ந்து வந்திருந்தா சொல்லியிருக்கும்."

காலர்க்காரி சீட்டை நான்காக மடித்துப் பைக்குள் போட்டாள்.

மறுநாள் விடியலில் அவள் வாசலில் நிற்கவில்லை. பெண்கள் அவளை நடுவில் விட்டுச் சூழ்ந்து உள்ளே நடந்தார்கள். கூடத்தின் ஒவ்வொரு விளக்கின் கழுத்திலும் ஒரு கீற்று ஏறியது. துணி வெட்டும் அண்ணனும் தன் மேசை விளக்கில் ஒன்றைக் கட்டினார்.

"உனக்குமா அண்ணே?"

"எத்தனை வருஷமா என் மேசைக் கீத்தைத்தானே பொறுக்கறீங்க? எனக்கு ஒண்ணு கிடையாதா?"

முதலாளி வந்தார். ஒரு இயந்திரமும் ஓடவில்லை.

"என்ன கூத்து இது? சீட்டு எங்கே?"

"பையில இருக்கு. காட்டறதா இல்லீங்க."

"அப்ப வயித்துல இருக்குன்னு ஒத்துக்கறே."

"இருந்தா என்ன, இல்லேன்னா என்ன? பிள்ளை உண்டானா வேலை போகாதுன்னு சொல்லுங்க. பழையபடி சாப்பாட்டு நேரம் வேணும். வாரத்துக்கு வாரம் ஷிஃப்டை மாத்தாதீங்க."

"யோசிக்கணும். முதல்ல மெஷினை ஓட்டுங்க."

"நல்லா யோசிங்க. நாங்க இங்கேயே உக்காந்திருக்கோம்."

கண்ணாடிக் கதவு படாரென்று மூடியது. அவர் போலீசை அழைப்பாரோ, புது ஆட்களை அழைப்பாரோ, யாருக்கும் தெரியாது. அவளுடைய ரத்தப் பரிசோதனை முடிவும் இன்னும் வரவில்லை.

இஸ்திரிக்காரி ஒரு பாட்டில் தண்ணீரை முழுவதும் குடித்து, யாரிடமும் கேட்காமல் கழிப்பறைக்கு எழுந்து போனாள். காலர்க்காரி கட்டிய கீற்றின் கீழே சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். சாப்பாட்டு மணி இன்னும் அடிக்கவில்லை. ஒவ்வொரு கவளத்தையும் நன்றாக மென்று விழுங்கினாள்.